அமெரிக்க வாக்காளர் எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்?

கேள்வி இது: குடியரசுக் கட்சியின் டிரம்ப் மீது இத்தனை வழக்கு, இத்தனை சர்ச்சை. எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியில் பைடன் காலத்து விலைவாசி, அவர் வயதைப் பற்றிய கவலை. இவ்வளவு நடந்தும் தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சிக்கும் ஏறக்குறையப் பாதிப் பாதி ஓட்டு விழுகிறதே, அமெரிக்கர்கள் கொள்கையைப் பார்க்கிறார்களா, ஆளைப் பார்க்கிறார்களா, வெறும் பழக்கத்தில் போடுகிறார்களா? அரசியல் ஆய்வாளர்கள் இதைப் பற்றி என்னதான் கண்டுபிடித்திருக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், கட்சியைப் பார்க்கிறார்கள். கொள்கை பெரும்பாலும் கட்சிக்குப் பின்னால்தான் வருகிறது. எண்பது ஆண்டுக்கும் மேலாகப் பலர் பல கோணத்தில் சோதித்துப் பார்த்தும் நிற்கிற முடிவு இது. ஆனால் இதில் எது உறுதியானது, எதில் இன்னும் சண்டை நடக்கிறது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் திண்ணைப் பேச்சாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பெரிய ஆய்வு 1940-ல் ஒஹையோ மாநிலத்தின் ஈரி என்ற மாவட்டத்தில் நடந்தது. நடத்தியவர் பால் லாசர்ஸ்ஃபெல்ட், வியன்னாவிலிருந்து வந்தவர். பொருளை ஏன் வாங்குகிறார்கள் என்று மக்களிடம் கேட்டு ஆராய்கிற சந்தை ஆய்வில் கைதேர்ந்தவர். ரூஸ்வெல்ட்டும் வெண்டல் வில்கியும் மோதிய அந்த அதிபர் தேர்தலில், அதே அறுநூறு பேரை மே மாதத்திலிருந்து நவம்பர் வரை மாதாமாதம் போய்ப் பார்த்துப் பேட்டி எடுத்தார்கள். ரேடியோவும் பத்திரிகையும் ஆட்களின் மனதை எப்படி மாற்றுகின்றன என்று பிடித்துவிடலாம் என்பது திட்டம். மனம் மாறினால்தானே பிடிப்பதற்கு! ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்குத் தாவியவர்கள் ஏறக்குறைய 8 சதவீதம். பாதிப் பேருக்கு மேல், ஏற்கெனவே எடுத்த முடிவைப் பிரசாரம் இன்னும் கெட்டியாக்கியது, அவ்வளவுதான். விளம்பர உலகத்து ஆளுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இந்தத் துறையே அந்த ஏமாற்றத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

அடுத்து மிச்சிகன் பல்கலைக்கழகம். ஆங்கஸ் காம்ப்பெல், ஃபிலிப் கன்வர்ஸ், வாரன் மில்லர், டொனால்ட் ஸ்டோக்ஸ் என்ற நான்கு பேர் 1950-களில் நாடு முழுக்க சர்வே எடுத்து, 1960-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட ஒரு கேள்வி இன்றுவரை கிட்டத்தட்ட அதே சொற்களில் கேட்கப்படுகிறது: பொதுவாக உங்களைக் குடியரசுக் கட்சிக்காரராக நினைக்கிறீர்களா, ஜனநாயகக் கட்சிக்காரராகவா, எதிலும் சேராதவராகவா? இந்த முறை யாருக்கு ஓட்டு என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். 1956 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர் 57 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். அதே நாளில் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளையும் ஜனநாயகக் கட்சி தக்கவைத்துக்கொண்டது. லட்சக்கணக்கானவர்கள் ஐசன்ஹோவர் என்ற போர் நாயகருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, ஜனநாயகக் கட்சிக்காரராகவே வீடு திரும்பினார்கள். ஓட்டு அங்கே இங்கே நகரலாம், அடையாளம் எளிதில் நகராது. அதைப் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள், மதத்தை வாங்கிக்கொள்வதைப் போல.

அந்த நால்வரில் கன்வர்ஸ் இன்னும் ஒரு படி போனார். 1964-ல் அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் வகுப்பில் வைத்துச் சண்டை போடுகிறார்கள். இரண்டு கட்சிகளிலும் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று கேட்டு, மக்கள் பேசியதை அப்படியே எழுதி எடுத்து, தரம் பிரித்தார். லிபரல் (இடதுசாரிச் சாய்வு), கன்சர்வேடிவ் (வலதுசாரிச் சாய்வு) போன்ற ஒரு சித்தாந்தச் சட்டகத்தை வைத்து உண்மையாகவே யோசித்தவர்கள் மொத்தத்தில் 2.5 சதவீதம். அந்தச் சொற்களை அரைகுறையாகப் பயன்படுத்தியவர்கள் இன்னொரு 9 சதவீதம். பெரும்பகுதியினர், தொழிலாளிக்கு இந்தக் கட்சி, பணக்காரனுக்கு அந்தக் கட்சி என்று கூட்டத்தை வைத்துப் பேசினார்கள். அல்லது இப்போது காலம் நன்றாக இருக்கிறது, போன ஆட்சியில் கஷ்டம் என்று காலத்தை வைத்துப் பேசினார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் கொள்கை என்ற பேச்சே எடுக்கவில்லை.

அதோடு விடவில்லை. அதே ஆட்களிடம் 1956, 1958, 1960 என்று மூன்று முறை அதே கேள்விகளைக் கேட்டார்கள். மின்சாரத்தையும் வீடு கட்டுவதையும் அரசு தனியாரிடம் விட்டுவிட வேண்டுமா என்பது அவற்றில் ஒன்று. நிறையப் பேருடைய பதில் காசு சுண்டிப் பார்த்துச் சொன்னது போல முன்னும் பின்னும் மாறியது. கேட்டுவிட்டார்களே என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவைத்தார்கள் என்பது கன்வர்ஸின் முடிவு.

இதற்கு நல்ல மறுப்பும் வந்தது. 2008-ல் ஆன்சோலபெஹியர், ராடன், ஸ்னைடர் மூவரும், தனித்தனிக் கேள்விகளை வைத்துப் பார்ப்பதால்தான் பதில் இப்படித் தள்ளாடுகிறது, ஒரே விஷயத்தைத் தொட்ட பல கேள்விகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் மக்களுடைய கருத்து போதுமான அளவு நிலையாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். எனக்கு இரண்டிலும் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. அரசு பெரிதாக இருக்கலாமா கூடாதா என்ற பொதுவான சாய்வு மக்களுக்கு இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மசோதா என்று வந்துவிட்டால் கட்சி என்ன சொல்கிறது என்று பார்க்கிறார்கள்.

இங்கே பலரும் எழுப்புகிற கேள்வி: எந்தக் கட்சியும் சாராதவர்கள் என்று பெரிய கூட்டம் இருக்கிறதே? கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கில் 2024-ல் 43 சதவீதம் பேர் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு கட்சிகளுக்கும் தலா 28. கேட்கப் பெரிதாக இருக்கிறது. அப்புறம் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள்: சரி, எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்? பெரும்பாலோர் ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சாய்கிறவர்கள், கட்சிக்காரர் என்று வெளிப்படையாகச் சொல்பவர்களைப் போலவேதான் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதை 1990-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். நிஜமாகவே எந்தப் பக்கமும் சாயாதவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். அவர்களிலும் பலர் ஓட்டுச்சாவடிப் பக்கமே போகாதவர்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இந்த 43 சதவீதத்தை நடுநிலையாளர் படை போலக் காட்டும்போது எனக்கு எரிச்சல் வரும்.

இனி டிரம்புக்கு வருவோம். கட்சிக்குப் பின்னால் கொள்கை வருகிறது என்றேனே, அதை நேராகச் சோதிக்க அவர் ஓர் அபூர்வமான வாய்ப்பைக் கொடுத்தார். எப்படி என்றால், குறைந்தபட்சக் கூலி உட்படப் பல விஷயங்களில் அவர் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார். யூட்டாவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பார்பரும் ஜெரிமி போப்பும் 2017 ஜனவரியில் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சிலரிடம், டிரம்ப் இதை ஆதரிக்கிறார் என்று லிபரல் நிலைப்பாட்டைக் காட்டினார்கள். வேறு சிலரிடம், டிரம்ப் இதை எதிர்க்கிறார் என்று கன்சர்வேடிவ் நிலைப்பாட்டைக் காட்டினார்கள். இரண்டுமே அவர் சொன்னவைதான், பொய் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டு திசையிலும் அவர் பின்னால் நகர்ந்தார்கள். அரசியல் விவரம் குறைவாகத் தெரிந்தவர்களும் தீவிரக் கட்சிக்காரர்களும் அதிகமாக நகர்ந்தார்கள். தலைவர் இடதுபக்கம் கைகாட்டினாலும் போகிறார்கள் என்றால், அவரைத் தேர்ந்தெடுத்தது அவருடைய கன்சர்வேடிவ் கொள்கைக்காகத்தான் என்று எப்படிச் சொல்வது?

குணநலன் பற்றிய கருத்துகூட இப்படித்தான் நகர்கிறது. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பொதுவாழ்வில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனம் கேட்டது. 2011-ல் முடியும் என்று சொன்ன வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் (வேதாகமத்தை அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும் பிரிவினர், பெரும்பாலும் குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள்) 30 சதவீதம். 2016 அக்டோபரில் 72 சதவீதம். வேதப் புத்தகம் மாறவில்லை, வேட்பாளர் மாறினார். சர்ச்சைகள் ஏன் ஓட்டைக் குறைக்கவில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இதை வலதுசாரிகளின் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. 1980-ல் பதின்மூன்று சதவீதத்தைத் தாண்டியிருந்த பணவீக்கம், ரீகனின் கடைசி ஆண்டான 1988-ல் நான்கு சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த ஆண்டு சர்வேயில், ரீகன் காலத்தில் விலைவாசி நிலைமை என்ன ஆனது என்று கேட்டபோது, ஜனநாயகக் கட்சியின் தீவிர ஆதரவாளர்களில் பாதிக்கு மேல் மோசமாகிவிட்டது என்றார்கள். இதை எடுத்துக்காட்டியவர் லேரி பார்ட்டல்ஸ். மளிகைக் கடைக்குத் தினமும் போகிறவர்களே இப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

கட்சிப் பிடிப்பு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அப்படியென்றால் முன்பு ஏன் தேர்தல்கள் இப்படி இறுகிக் கிடக்கவில்லை? 1972-ல் நிக்சனும் 1984-ல் ரீகனும் ஐம்பதில் 49 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார்களே? தந்தை புஷ்ஷுக்கு இருந்த ஆதரவு 1991-ல் வளைகுடாப் போர் முடிந்தபோது 89 சதவீதம், அடுத்த ஆண்டே 29. டிரம்பின் முதல் நான்கு ஆண்டுகளில் அதே கேலப் கணக்கு 34-க்கும் 49-க்கும் இடையிலேயே சுற்றியது. மூன்று தேர்தல்களில் அவர் வாங்கிய ஓட்டு 46, 47, 50-க்குச் சற்றுக் குறைவு. எது மாறியது?

மாறியது கட்சிகளின் உள்ளடக்கம். இதில் ஒரு சுவையான பழைய கதை உண்டு. 1950-ல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் குழு போட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் புகார் என்ன தெரியுமா? இரண்டு கட்சிகளும் தெளிவான வேறுபாடு இல்லாமல் குழம்பிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் கட்டுக்கோப்பாகத் தனித் திட்டத்தோடு நிற்க வேண்டும் என்று! அன்றைய நிலைமை அப்படி. ஜனநாயகக் கட்சியில் நியூயார்க் லிபரல்களும் இருந்தார்கள், கறுப்பின மக்களை ஓட்டுப் போடவிடாத தென்மாநில வெள்ளையினத் தலைவர்களும் இருந்தார்கள். 1964-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது செனட்டில் அதை வாரக்கணக்கில் பேசிப் பேசியே தடுத்தவர்கள் அவருடைய சொந்தக் கட்சியின் தென்மாநில உறுப்பினர்கள். அவர்களில் ஒருவரான ஸ்ட்ராம் தர்மண்ட் அதே ஆண்டு குடியரசுக் கட்சிக்குப் போனார். அடுத்த முப்பது ஆண்டுகளில் தெற்கே மெல்ல மெல்ல அவர் வழியில் போனது. லிபரல்கள் ஒரு பக்கம், கன்சர்வேடிவ்கள் ஒரு பக்கம் என்று ஆட்கள் பிரிந்து அடுக்கப்பட்டார்கள். மாரிஸ் ஃபியோரினா போன்றவர்கள், மக்களின் கருத்து பெரிதாகத் தீவிரமாகவில்லை, சரியான பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான் என்கிறார்கள். ஆலன் ஆப்ரமோவிட்ஸ், தீவிரமும் கூடியிருக்கிறது என்கிறார். இந்தச் சண்டை இருபது ஆண்டுகளாக ஓடுகிறது. பிரிந்து அடுக்கப்பட்டது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

லிலியானா மேசன் இதோடு ஒரு முக்கியமான விஷயத்தைச் சேர்த்தார். கருத்து மட்டும் அடுக்கப்படவில்லை. இனம், சர்ச்சுக்குப் போவது, நகரமா கிராமமா என்பது எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றுவிட்டன. எதிர்க்கட்சிக்காரர் இப்போது வேறு சர்ச், வேறு ஊர், வேறு நிறம். அப்போது தேர்தல் தோல்வி ஒரு கட்சியின் தோல்வியாக மட்டும் உறைப்பதில்லை.

வெறுப்பை அளந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஸ்டான்ஃபோர்டின் சாந்தோ ஐயங்கார். கவுரவ் சூத், இஃப்டாக் லெல்கஸ் இருவருடனும் சேர்ந்து 2012-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் கல்யாணக் கேள்வி ஒன்று வருகிறது. உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா? 1960-ல் ஆம் என்றவர்கள் இரண்டு கட்சியிலும் ஐந்து சதவீத அளவுதான். 2010-ல் குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறைய பாதி, ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவர். எதிர்க்கட்சியைப் பிடிக்குமா என்று நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொல்கிற இன்னொரு கேள்வி உண்டு. 1970-களின் இறுதியில் 50-க்குச் சற்றுக் கீழே இருந்த சராசரி, 2020-ல் 20 அளவுக்கு விழுந்துவிட்டது. சொந்தக் கட்சிக்குப் போடும் மதிப்பெண் கூடவில்லை. அன்பு அப்படியே இருக்க, வெறுப்பு மட்டும் வளர்ந்திருக்கிறது.

கல்யாணக் கணக்கு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. அதற்கு ஒரு முக்கியமான திருத்தம் உண்டு. 2018-ல் கிளார், கிரப்னிகோவ், ரயன் மூவரும் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டார்கள். வரப்போகிற மருமகனோ மருமகளோ எந்நேரமும் அரசியல் பேசுகிறவராக இருந்தால் எப்படி, எப்போதாவது பேசுபவராக இருந்தால் எப்படி? பலருக்கு, தன் சொந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சாப்பாட்டு மேசையில் ஓயாமல் அரசியல் பேசுகிறவர் வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர் என்ற உடனேயே மக்கள் மனதில் வருவது டிவியில் கத்துகிற ஆள். டக்ளஸ் ஆலரும் சூத்தும் செய்த வேறொரு ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. குடியரசுக் கட்சிக்காரர்களில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால், சராசரியாக 38 சதவீதம் என்கிறார்கள். உண்மையில் 2 சதவீதம். ஜனநாயகக் கட்சிக்காரர்களில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநரும் எத்தனை என்றால் 32 என்கிறார்கள். உண்மை, 6. பாதி வெறுப்பு கற்பனை ஆட்கள் மேல்.

சரி, பிரசாரத்துக்குக் கொட்டுகிற கோடிக்கணக்கான டாலர் என்ன ஆகிறது? ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மனும் 2018-ல் 49 கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பொதுத்தேர்தலில் வீடு வீடாகப் போய், போன் செய்து, தபால் அனுப்பி ஒருவரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றுவதில் சராசரி பலன் பூஜ்யம். ஆனால் ஓட்டே போடாமல் இருக்கப்போகிறவரைக் கிளப்பிச் சாவடிக்கு அனுப்ப முடியும். அதை நேர்த்தியாகக் காட்டியது 2006 ஆகஸ்டில் மிச்சிகன் உட்கட்சித் தேர்தலின்போது (கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல்) கெர்பர், கிரீன், லாரிமர் செய்த சோதனை. அமெரிக்காவில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம், போட்டீர்களா இல்லையா என்பது பொது ஆவணம். இதை வைத்து ஒரு கடிதம் அச்சடித்தார்கள். அதில் உங்கள் வீட்டில் யார் போன தேர்தல்களில் ஓட்டுப் போட்டார், யார் போடவில்லை, பக்கத்து வீடுகளில் யார் யார் போட்டார்கள் என்று பெயரோடு அட்டவணை. இந்தத் தேர்தலுக்கான கட்டம் காலியாக இருக்கும். முடிந்தபிறகு நிரப்பி உங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அனுப்புவோம் என்று ஒரு வரி. கடிதம் வராத வீடுகளில் ஓட்டுப் போட்டவர்கள் 29.7 சதவீதம், வந்த வீடுகளில் 37.8. ஓட்டுப் போடுவது உங்கள் கடமை என்று மட்டும் எழுதிய கடிதம் இரண்டு சதவீதப் புள்ளிகூட உயர்த்தவில்லை. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயத்துக்கு இருக்கும் சக்தி கடமையுணர்வுக்கு இல்லை.

இந்த ஆய்வுகளை எல்லாம் எவ்வளவு நம்பலாம்? 2014 டிசம்பரில் வந்த ஒரு கட்டுரை, ஓரினத் திருமணம் குறித்து வீட்டு வாசலில் இருபது நிமிடம் பேசினாலே ஆட்களின் மனம் நீண்ட காலத்துக்கு மாறிவிடுகிறது என்றது. எழுதியவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே கிரீன். தரவைக் கொண்டுவந்தவர் மைக்கேல் லக்கூர் என்ற மாணவர். அதைத் திரும்பச் செய்து பார்க்கக் கிளம்பிய புரூக்மனும் கல்லாவும் தரவு விசித்திரமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கிரீனே முன்வந்து கேட்டுக்கொள்ள, 2015-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. புரூக்மனும் கல்லாவும் மயாமியில் உண்மையாகவே களத்தில் இறங்கி, அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லாமல் பத்து நிமிடம் பேசினால் திருநர் மீதான வெறுப்பு குறைகிறது, மூன்று மாதம் கழித்தும் அந்த விளைவு நிற்கிறது என்று தெரிந்தது.

இன்னொரு பிரபலமான கதை சுறாமீன். 1916 ஜூலையில் நியூஜெர்சிக் கடற்கரையில் சுறா தாக்கி நான்கு பேர் இறந்தார்கள். அந்த நவம்பரில் கடற்கரை மாவட்டங்களில் அதிபர் வில்சனுக்கு ஓட்டு குறைந்தது, சம்பந்தமே இல்லாத துன்பத்துக்கும் மக்கள் ஆட்சியைத் தண்டிக்கிறார்கள் என்று ஏக்கனும் பார்ட்டல்ஸும் எழுதினார்கள். அழகான கதை. ஃபவுலரும் ஹாலும் நூறு ஆண்டுக்கு மேலான சுறாத் தாக்குதல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தபோது அப்படி ஒரு விளைவு பொதுவாக இல்லை. சுறாவை நான் இப்போதெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. பொருளாதாரம் கெட்டால் வாக்காளர்கள் ஆளுங்கட்சியைத் தண்டிக்கிறார்கள் என்ற பெரிய முடிவு மட்டும் நிற்கிறது.

பெரும்பாலோர் நகரவே மாட்டார்கள் என்றால் ஆட்சி எப்படி மாறுகிறது? நகர்கிறவர்கள் மிகச் சிலர், தேவைப்படுவதும் மிகச் சிலர். அதிபர் யார் என்பதை நாட்டின் மொத்த ஓட்டு அல்ல, மாநிலவாரி வெற்றிகள்தான் முடிவு செய்கின்றன. 2016-ல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து டிரம்ப் முந்தியது ஏறக்குறைய 78,000 ஓட்டு. 2020-ல் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சினில் பைடன் முந்தியது 43,000. 2024-ல், 2016-ன் அதே மூன்று மாநிலங்களில் டிரம்ப் முந்தியது 2,30,000. அந்த ஆண்டு நாடு முழுக்க ஓட்டுப் போட்டவர்களோ பதினைந்து கோடிக்கு மேல்.

அந்தச் சிலர் யார் என்பதும் மாறிவருகிறது. கல்லூரி முடித்த வெள்ளையினத்தவர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் போகிறார்கள், முடிக்காதவர்கள் எதிர்ப்பக்கம்; 2020-க்குப் பிறகு லத்தீன் இனத்தவரிலும் பலர் குடியரசுக் கட்சிப் பக்கம் நகர்ந்திருக்கிறார்கள். இந்திய வம்சாவளியினரிடம் எடுத்த சர்வேயில் 2020-ல் பைடனுக்கு 72 சதவீதம் இருந்தது, 2024-ல் ஹாரிஸுக்கு 61 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர்.

கடைசியாக, பலருக்கும் இன்னும் எட்டாத ஒரு செய்தி. அதிகம் பேர் ஓட்டுப் போட்டால் ஜனநாயகக் கட்சிக்கு லாபம் என்பது ரொம்ப காலத்து நம்பிக்கை. பியூ என்ற ஆய்வு நிறுவனம் ஓட்டுப் போடாதவர்களிடம் கேட்டபோது, 2020-ல் பைடன் பக்கம் 46 சதவீதம், டிரம்ப் பக்கம் 35. 2024-ல் டிரம்ப் பக்கம் 44, ஹாரிஸ் பக்கம் 40. படித்தவர்கள் மழையானாலும் வெயிலானாலும் போய் ஓட்டுப் போடுகிறவர்கள் என்பதால், கூட்டம் வராத சின்னச் சின்ன இடைத்தேர்தல்களில் இப்போது ஜனநாயகக் கட்சிதான் நன்றாகச் செய்கிறது. அடையாள அட்டை கேட்கும் சட்டங்களால் ஓட்டுப் பதிவு குறிப்பிடும்படி குறையவில்லை என்று கந்தோனி, போன்ஸ் என்ற இருவர் 2008 முதல் 2018 வரையிலான தரவை வைத்துக் காட்டியும் ஆயிற்று. மாநிலச் சட்டமன்றங்களில் மட்டும் பழைய கணக்கை வைத்தே, குடியரசுக் கட்சி ஓட்டுப் போடும் விதிகளை இறுக்கப் பார்க்கிறது, ஜனநாயகக் கட்சி தளர்த்தப் பார்க்கிறது.